இறையிலி

‘பிலாட்டலி’ என்றோர் ஆங்கிலச் சொல் உண்டு. அஞ்சல் தலைகளைத் தேடித் திரட்டி, ஏட்டிலே ஒழுங்குபட அமைத்து, அவற்றின் வரலாற்றை ஆய்ந்து மகிழும் கலைக்கு அது பெயர். மன்னர்கள் மயங்கிய கலை! இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜ் மன்னன் அதிலே மூழ்கிக் கிடந்தான். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த பிராங்க்ளின் ரூசுவெல்ட், ஆட்சிச் சுமைகளுக்கு இடையிலும் தம் தொகுப்பேட்டைப் புரட்ட நேரம் தேடிக்கொண்டார். மன்னர் கை பட்டதாலோ என்னவோ, அந்தச் சொல்லுக்கும் ஒரு மிடுக்கு ஏறிவிட்டது. சொல்பவன் நாக்கு தடுமாறுகிறது. கேட்பவன் கண் விரிகிறது. பொருள் என்னவென்று இருவருமே கேட்டுக்கொள்வதில்லை. புரிந்தால் மதிப்புப் போய்விடுமே! புரியாத மொழியில் ஓதினால்தான் திருமணம் நிறைவேறும் என்று நம்பிக் கிடந்த நாடல்லவா நம் நாடு!

கேட்டவன் ஒருவன் உண்டு. என் மகள் வயிற்றுப் பேரன். ஏழாம் வகுப்பில் படிப்பவன்.

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையின் மடியிலே கிடக்கிறது செண்பகத்தோப்பு. அங்கே வருவோரிற் பலர் காட்டழகர் கோயிலுக்குச் செல்பவர்கள். நான் சென்றது அழகரைக் காண அல்ல, அணிலைக் காட்ட. நரை அணில் என்கிறார்களே, பூனையளவு உடலும் அதனினும் நீண்ட வாலுமாக, மரத்துக்கு மரம் தாவும் அந்த மலை அணிலுக்காக 1988-இல் புகலிடமாக அறிவிக்கப்பட்ட காடு அது. 2021-இல் மேகமலையோடு இணைத்துப் புலிகள் காப்பகமும் ஆக்கினார்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததே மிச்சம். அணில் அன்று எங்களுக்குக் காட்சி தரவில்லை. ஓடைக் கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தோம். பேரன் கேட்டான்: “தாத்தா, பள்ளிக்கூடத்துல பிலாட்டலி கிளப்புல சேரச் சொல்றாங்க. அப்படின்னா என்ன?” ஆசிரியரைக் கேட்டிருக்கிறான்; ‘ஸ்டாம்ப் கலெக்‌ஷன்’ என்றாராம் அவர். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே உரை!

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

அந்தச் சொல்லைப் பெற்றெடுத்தவன் ஆங்கிலேயனே அல்லன், பிரெஞ்சுக்காரன். பெயர் ஜார்ஜ் ஹெர்பின். 1864-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், பாரிசில் அஞ்சல் தலை தொகுப்போருக்கென வெளிவந்த ஓர் ஏட்டில் அவன் அச்சொல்லை முன்மொழிந்தான். அதற்குமுன் அந்தப் பழக்கத்துக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கிய பெயர் ‘தலைப் பித்து’ என்று பொருள்படுவது. பித்தர் என்று பிறர் நகைப்பது தொகுப்போருக்குப் பிடிக்குமா? கௌரவமான பெயர் ஒன்று வேண்டியிருந்தது. ஐரோப்பியனுக்குக் கௌரவம் தேவைப்பட்டால் கிரேக்கத்திடம் ஓடுவான். நம்மவர் வடமொழியிடம் ஓடியதைப் போல! ஆனால் பழைய கிரேக்கத்தில் அஞ்சல் தலை ஏது? இல்லாத பொருளுக்குச் சொல் எங்கிருந்து கிடைக்கும்? ஹெர்பின் அங்கேதான் சிந்தித்தான். அந்தச் சிறு காகிதத் துண்டு எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அது என்ன செய்கிறது என்று பார்த்தான். மடலின்மேல் தலை ஒட்டப்பட்டிருந்தால், பெறுகிறவன் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. அது விலக்குச் சீட்டு! ‘பிலோஸ்’ என்றால் விரும்புபவன். ‘தெலோஸ்’ என்றால் வரி, சுங்கம். அதன் முன்னே ‘அ’ சேர்ந்தால் வரியின்மை. இரண்டையும் ஒட்டவைத்தான், ‘பிலாட்டலி’ பிறந்தது. வரியின்மைமேல் காதல்! மன்னர்கள் கொஞ்சி விளையாடிய சொல்லின் உட்பொருள் இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அதற்குள்ளே ஒரு புரட்சியே ஒளிந்திருக்கிறது.

அஞ்சல் தலை பிறப்பதற்கு முந்திய இங்கிலாந்தில் மடலுக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் கொடுத்தவர் பெறுகிறவர். தொலைவு கூடினால் கூலி கூடும். தாள் ஒன்றுக்கு இரண்டானால் கட்டணம் இரட்டிக்கும். உழைப்பாளி ஒருவனின் ஒருநாள் கூலியையே ஒரு மடல் விழுங்கிவிடும். ஏரிப் பகுதி ஒன்றிலே கவிஞர் கோல்ரிட்ஜ் கண்ட காட்சி இது: மடல் வந்தது. ஏழைப் பெண் ஒருத்தி அதை வாங்கினாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பணம் இல்லையென்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரக்கங்கொண்ட கவிஞர் அவள் தடுத்தும் கேளாமல் ஒரு ஷில்லிங் கொடுத்து மடலை மீட்டார். அஞ்சற்காரன் அகன்றபின் அவள் பிரித்துக் காட்டினாள். உள்ளே வெறுந்தாள்! அண்ணன் நலமாயிருந்தால் வெறுந்தாளை மடித்து அனுப்புவான். அவள் உறையைப் பார்த்து நலம் அறிந்து திருப்பிவிடுவாள். உடன்பிறந்தார் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு அது. ரௌலண்ட் ஹில் 1837-இல் எழுதிய அஞ்சல் சீர்திருத்த நூலில் இந்நிகழ்ச்சியைக் கோல்ரிட்ஜின் பெயரைச் சொல்லியே எடுத்துக்காட்டினார். பிற்காலத்தார் அதை ஹில் தம் கண்ணாலேயே கண்டதாக மாற்றிவிட்டனர். கதை நல்லதானால் தலைவன்மேல் ஏற்றிவிடுவது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம்தான் போலும்.

கோல்ரிட்ஜ் கண்டது கட்டுக்கதை என்று யாரேனும் என்னிடம் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். ஏனெனில் என் பாட்டி அதையே செய்தவள். இங்கிலாந்து இருக்கும் திசைகூட அவளுக்குத் தெரியாது.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. 1957-ஐ ஒட்டிய காலம். மலையடிவாரத்து மாந்தோப்புகளில் பாட்டிக்குக் கூலி வேலை. என் தாய்மாமன் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போயிருந்தார். அங்கிருந்து மடல் வரும், தலை ஒட்டாமல்! ‘பேரிங்’ என்பார்கள். ஒட்டாத தலைக்கு இருமடங்கு கட்டணத்தைப் பெறுகிறவர் கட்டவேண்டும். மடல் பாட்டியின் கையில் ஒரு நொடி இருக்கும். முகவரிக்குக் கீழே இரண்டு கோடு கிழித்திருந்தால் மகன் நலம். “கூலி வரலைங்க சாமி, கொண்டு போயிடுங்க” என்று திருப்பிவிடுவாள். எழுத்தறியாத அவள் படித்த மடல்கள் அந்த இரண்டு கோடுகளே!

ஒரு முறை கோடு இல்லை.

அஞ்சற்காரர் எங்கள் சிற்றூருக்கு வாரம் இருமுறைதான் வருவார். பாட்டி அவரைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டுப் பண்ணையார் வீட்டுக்கு ஓடினாள், கடன் கேட்க. எங்கள் போன்றோர் முன்வாசல் மிதிக்கக்கூடாத காலம். பின்கட்டில் நின்றாள். உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. பூசை முடிந்து, படையல் முடிந்து, பண்ணையாரம்மாள் வெளியே வந்து சில்லறையை மேலேயிருந்து இவள் முந்தானையில் போட்டபோது உச்சிப்பொழுது. திரும்பி வந்தாள், திண்ணை காலி. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? இன்னும் நான்கு ஊர் நடக்கவேண்டியவர். மடல் வந்தவழியே போய்விட்டது. இரண்டாண்டு கழித்து மாமன் ஊர் திரும்பியபோது, அதில் என்ன எழுதியிருந்தாய் என்று கேட்டோம். குளிர்காய்ச்சலில் கிடந்ததாகவும், பத்து ரூபாய் அனுப்பச் சொல்லி எழுதியதாகவும் சொன்னார். மடலை மீட்கவே காசில்லாத வீட்டுக்கு! பாட்டி அதைக் கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை விளக்க எனக்கு இன்றளவும் சொல் அகப்படவில்லை.

பெறுகிறவர் கையில் காசில்லாதபோதும் மடல் அவர் கையில் சேரவேண்டும் என்பதுதான் ஹில்லின் சீர்திருத்தம். 1840-ஆம் ஆண்டு சனவரி 10-ஆம் நாள் முதல் அந்நாட்டுக்குள்ளே எவ்வளவு தொலைவானாலும் அரை அவுன்சு மடலுக்கு ஒரே பென்னி. மே 6-ஆம் நாள் முதல், விக்டோரியா அரசியின் முகம் பொறித்த கறுப்புத் தலை செல்லுபடியாயிற்று. தோழர்களே, இதில் கவனிக்கத்தக்கது வேறொன்றும் உண்டு. அதுவரை அந்நாட்டில் கட்டண விலக்கு என்பதே இல்லாமலில்லை, நன்றாகவே இருந்தது! பிரபுக்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் இருந்தது. உறையின் மூலையில் அவர்கள் கையெழுத்துக் கிறுக்கினால் போதும், மடல் இலவசமாகப் பறக்கும். அந்தக் கையெழுத்தை நண்பர்க்கும் உறவினர்க்கும் வாரி வழங்கினார்கள். மாளிகைக்கு இலவசம், குடிசைக்கு ஒரு ஷில்லிங்! ஒரே பென்னி வந்த அதே நாளில் அந்தச் சலுகை ஒழிக்கப்பட்டது. மேலோர் சிலருக்கு இருந்த விலக்கைப் பறித்து, மடல் பெறும் அனைவருக்கும் பங்கிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு நம் கல்வெட்டுகள் நினைவுக்கு வந்தன. ‘அதெலேயா’ என்று கிரேக்கன் சொன்னதை நம் முன்னோர் ‘இறையிலி’ என்றனர். இறை என்றால் வரி. இலி என்றால் இல்லாதது. எழுத்துக்கு எழுத்து ஒத்துவரும் சொல்! சோழர் காலக் கல்வெட்டுகளில், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில், இறையிலி என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். யாருக்கு இறையிலி? உழுதவனுக்கா, நெய்தவனுக்கா, கல் சுமந்தவனுக்கா? கோயிலுக்குத் தேவதானம் இறையிலி. வேதியர்க்குப் பிரமதேயம் இறையிலி. சந்திர சூரியர் உள்ளவரை இறையிலி! உழவனுக்கோ, ஏரிவரி, தறிவரி, ஆளுக்கு ஆள் பெயர் வைத்த வரி. முதற் குலோத்துங்கன் சுங்கத்தை நீக்கிச் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ என்ற பெயர் பெற்றான். ஒரு மன்னன் ஒரு வரியை நீக்கியதை அவனுடைய பெயராகவே மக்கள் வைத்துக்கொண்டார்கள் என்றால், வரி அவர்களை எப்படி அழுத்தியிருக்கவேண்டும்!

இறை என்பதற்கு வரி என்ற பொருள் மட்டுமல்ல. அரசன் என்றும் பொருள். வள்ளுவர் இறைமாட்சி என்றது அரசனின் மாட்சியைத்தான். கடவுள் என்றும் பொருள். வரியும் வேந்தும் கடவுளும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கும் விந்தையை மொழியறிஞர் விளக்கட்டும். பேரனிடம், “இறையிலி என்றால் வரியில்லாதது, கடவுள் இல்லை என்பவனையும் அப்படி அழைக்கலாம்” என்றேன். “அப்ப நீங்க இறையிலியா தாத்தா?” என்றான். வருமான வரி கட்டுகிறவன் எப்படி முழு இறையிலியாவேன்!

ஹெர்பினின் சொல் இப்படி, வாசலில் கையில் காசில்லாமல் நிற்பவரின் பக்கமிருந்து பொருளைப் பார்க்கிறது. நம் சொல்? தபால் தலை என்றோம், பிறகு அஞ்சல் தலை என்றோம். தலை எங்கிருந்து வந்தது? 1854-இல் இந்தியா முழுமைக்குமாக வெளியான தலைகளைப் பார்த்தால் விளங்கும். அரையணாவா, நான்கணாவா, எதைப் பார்த்தாலும் அரசி விக்டோரியாவின் தலை. காசைச் சுண்டிப் ‘பூவா, தலையா’ என்று கேட்ட நம் மக்கள், காகிதத்திலும் தலையைக் கண்டார்கள். தலை என்றே பெயரிட்டார்கள். கண்ணால் கண்டதைச் சொன்னார்கள், குற்றமில்லை. ஆயினும் அந்த ஆண்டில் அக்டோபர் முதல் நாட்டின் எந்தக் கோடிக்கும் கால்தோலா எடையுள்ள மடல் அரையணாவுக்குப் போகும் என்ற செய்தி அல்லவா பெரிது! 1879-இல் காலணாக் கார்டு வந்தது. காலணாவுக்கு இமயம் வரை பேசலாம்! அந்தப் பயனைப் பெயராக்க நமக்கு யாரும் கற்பிக்கவில்லை. ஆண்டவளின் தலையைத்தான் காட்டினார்கள்.

‘தபால்’ மராட்டிய வழியாக வந்த சொல். அதை நீக்கி ‘அஞ்சல்’ என்று தனித்தமிழ் அன்பர்கள் வழங்கத் தொடங்கியபோது, புதிதாய்ப் புனைந்த சொல் என்று சிலர் எள்ளினர். புனைந்ததா? செண்பகத்தோப்பில் அன்று நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையிலிருந்து மேற்கே பார்த்தால் மலைத்தொடர். அதைத் தாண்டினால் பழைய திருவிதாங்கூர். அங்கே அரசின் மடல் ஏற்பாட்டுக்குப் பெயரே அஞ்சல்தான்! மணி கட்டிய கோலைக் குலுக்கிக்கொண்டு அஞ்சல் ஓட்டக்காரன் ஓடுவான், வழியிலிருப்போர் விலகவேண்டும். 1951-இல் இந்திய அஞ்சல் துறையோடு அது இணைக்கப்பட்டது. மலைக்கு அப்பால் மக்கள் வாயில் வாழ்ந்த சொல், மலைக்கு இப்பால் புலவர் புனைவு ஆகிவிடுமா? பழந்தமிழில் ‘அஞ்சல்’ என்றால் ‘அஞ்சாதே’ என்றும் பொருள். இரண்டும் ஒரே சொல் என்று நான் சாதிக்கவில்லை. ஒலி ஒன்று, அவ்வளவே. கோடில்லாத உறையைக் கண்டு நடுங்கிய பாட்டியிடம் ‘அஞ்சல்’ என்று எவரேனும் சொல்லியிருக்கலாம்.

திருவிதாங்கூர் 1888-இல் வெளியிட்ட முதல் தலைகளில் தலையே இல்லை, சங்குதான் இருந்தது. தலையில்லாத தலை! இந்தியா விடுதலை பெற்றபின் 1947-இல் வந்த முதல் வெளியீடுகளில் கொடியும் அசோகர் தூணின் சிங்கமும் இடம்பெற்றன. மன்னன் தலை போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. பிறகு அந்தச் சிறு கட்டத்துக்குள் யார் யார் வந்தார்கள்! 1970-இல் அண்ணா, 1978-இல் பெரியார், 2001-இல் பாவேந்தர். அரசியின் தலை இருந்த இடத்தில் ஈரோட்டுத் தாடி! வரலாற்றுக்கு நகைச்சுவை தெரியும். 2005-இல் நம் பக்கத்து ஊரான இராசபாளையத்தின் வெள்ளை நாய்க்கும் இடம் கிடைத்தது. நாட்டு நாயினங்கள் நான்கிற்குத் தலை வெளியிட்டபோது அதுவும் ஒன்று. பேரனின் ஏட்டில் முதற்பக்கமே அதுதான். பெரியார் மூன்றாம் பக்கம். நான் ஒன்றும் சொல்லவில்லை. 2011 முதல், கட்டணம் கட்டினால் எவரும் தம் முகத்தையே தலையில் அச்சிட்டு வாங்கலாம் என்றாகிவிட்டது. பாட்டிக்கு ஒரு நிழற்படம்கூட எங்களிடம் இல்லை.

தலைகள் மாறின, எழுத்து மாறியதா? 1968 சனவரியில் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது, பழந்தமிழ்ப் பாட்டொன்றின் மேற்கோளைத் தாங்கி ஒரு தலை வந்தது; 1965-இல் மாணவர் சிந்திய குருதி காய்ந்து மூன்றாண்டு ஆகாத நேரம். மற்றபடி நாட்டின் பெயர் அந்தக் கட்டத்துக்குள் தேவநாகரியிலும் ஆங்கிலத்திலும்தான். 2017-இல் மைய அரசு, தலை தொகுக்கும் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவர்க்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. நல்ல திட்டம், வாழ்த்துகிறேன். அதன் பெயர்? ‘தீன் தயாள் ஸ்பர்ஷ் யோஜனா’! ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டி ‘ஸ்பர்ஷ்’ ஆக்கியிருக்கிறார்கள். வடமொழியில் அதற்குத் ‘தொடுதல்’ என்று பொருளாம். தொட்டால் தீட்டு என்று சில்லறையை மேலேயிருந்து போட்ட பின்கட்டு என் கண்முன் வந்து நின்றது. செண்பகத்தோப்புப் பளியர் குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளை இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க நினைத்தால், பெயரை உடைத்து உள்ளே போவதற்கே மூன்று மொழி வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ‘அஞ்சல் தலை தொகுப்பு’ என்றால் நொடியில் விளங்கும். அதையே விண்ணப்பத்தின் தலைப்பில் தமிழில் அச்சிட எவ்வளவு மை செலவாகிவிடும்?

கிரேக்கத்தை நம்பிச் சொல் படைத்தானே ஹெர்பின், அந்தக் கிரேக்கர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இன்றைய கிரேக்க மொழியில் இக்கலைக்குப் பெயர் ‘பிலோதெலிஸ்மோஸ்’. பிரெஞ்சுக்காரன் சேர்த்த இன்மைப் பொருள் தரும் ‘அ’வை அவர்கள் எடுத்துவிட்டார்கள். வரியின்மைமேல் காதல் போய், வரிமேல் காதல் என்றாகிவிட்டது! வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் கணக்கு அவர்கள் பக்கம். அஞ்சலகத்தில் பணம் கொடுத்துத் தலையை வாங்கி, மடலில் ஒட்டாமலே ஏட்டில் வைத்துப் பூட்டுகிறவன், செய்யாத பணிக்குக் கூலி கொடுத்தவன். அவனுக்காக எந்த ஓட்டக்காரனும் ஓடவேண்டியதில்லை, எவரும் திண்ணையில் காத்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் ஒரு மடலும் போகாத சின்னஞ்சிறு தீவு அரசுகளெல்லாம் வண்ண வண்ணமாய்த் தலைகளை அச்சிட்டு உலகெங்கும் விற்கின்றன. என் பேரனும் மாதந்தோறும் தன் சேமிப்பிலிருந்து அந்த வரியைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.